வெறும் வயிற்றோடு

“நடக்குமா?” என்று டாக்டர் கேட்டார்.

“நடக்கறதா? ஓடுவா சார்!” என்றார் என் வீட்டுக்காரர்.

நான் திரும்பி அவர் முகத்தைப் பார்த்தேன். பொய் சொல்கிற முகம் இல்லை அது. கடையில் பெயின்ட் அடித்த பழைய ஃப்ரிட்ஜின் கதவைத் திறந்து காட்டி, “புதுசு கெட்டுது போங்க” என்பாரே, அந்த முகம். பழைய ஃப்ரிட்ஜும் வாஷிங் மெஷினும் வாங்கிச் சரிபண்ணி விற்கிற கடையில் அவர் விற்பனையாளர். கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே அந்த வேலைதான். விற்கிற சாமானின் குறையை வாய் தவறிக்கூடச் சொல்லக் கூடாது என்பது அங்கே முதல் பாடம். கடகடவென்று ஆடுகிற மெஷினை, “ஓடுதுன்னு நமக்குத் தெரிய வேணாமா, அதுக்குத்தான் சத்தம்” என்று சொல்லித் தலையில் கட்டிவிட்டு வந்து, வீட்டில் அதை நடித்துக் காட்டுவார். நானும் விழுந்து விழுந்து சிரித்திருக்கிறேன். அன்றைக்கு அந்த அறையில் அவர் எங்கள் மகளை அப்படித்தான் விற்றுக்கொண்டிருந்தார்.

மேஜைக்கு அடியில் அவர் காலை மிதித்தேன். இடம் போதவில்லையாக்கும் என்று நினைத்துக் காலை ஒதுக்கிக்கொண்டார். “பேசுமா?” என்றார் டாக்டர், காகிதத்திலிருந்து தலையைத் தூக்காமல். “சொல்றது அத்தனையும் புரியும் சார். வார்த்தை நுனி நாக்குல நிக்குது, இன்னைக்கோ நாளைக்கோ கொட்டிடும்.” “தானா சாப்பிடுமா?” “அடம்னா என்னன்னே தெரியாது சார். வச்சது அத்தனையும் காலி பண்ணிடுவா.” ஒவ்வொரு பதிலுக்கும் பேனா ஒரு கட்டத்தில் டிக் போட்டது. நாலு வயதாகிறது என் மகளுக்கு. சுவரைப் பிடித்துக்கொண்டு நடப்பாள். சுவர் முடிகிற இடத்தில் உட்கார்ந்துவிடுவாள். இதுவரை ஒரு வார்த்தை சொன்னதில்லை, அம்மா என்றுகூட. சாப்பிடுவாள், வாஸ்தவம்தான். நான் மசித்து, ஊட்டி, உள்ளே இறங்குகிறதா என்று கன்னத்தைத் தடவிக்கொண்டே இருந்தால் சாப்பிடுவாள். இதைச் சொல்ல நான் வாயைத் திறந்தபோதெல்லாம் டாக்டர், “அதான் அப்பா சொல்றாரே” என்று கையைக் காட்டினார். ஒரு வீட்டுக்கு ஒரு வாய் போதும் என்று எங்கேயோ சட்டம் இருக்கிறது போலிருக்கிறது.

அவளுக்கும் அன்றைக்கென்று பார்த்து நல்ல நாள். முதல் நாள் பகலிலேயே தூங்கவைத்து, காலையில் தலைக்குக் குளிப்பாட்டி, வயிறு நிறைய ஊட்டி, பிறந்தநாளுக்கு வாங்கின ஊதா கவுனைப் போட்டுக் கூட்டிப்போயிருந்தேன். பெரிய மனிதர்கள் முன்னால் பிள்ளையை அழுக்காகக் கொண்டுபோய் நிறுத்தக் கூடாது என்று எனக்குச் சொல்லிக் கொடுத்தவர்கள் நன்றாகத்தான் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். டாக்டர் ஒரு சிவப்பு மரக்கட்டையை அவள் முன்னால் வைத்து, பக்கத்தில் ஒரு காலி டப்பாவை வைத்தார். வீட்டில் கட்டையைக் கொடுத்தால் வாயில் வைப்பாள், இல்லாவிட்டால் கீழே விடுவாள். அன்று அதை எடுத்தாள். டாக்டரை உற்றுப் பார்த்தாள். டப்பாவுக்குள் போட்டாள். என் வீட்டுக்காரர் கைதட்டினார். எனக்கும் உடம்பெல்லாம் சிலிர்த்தது, அதை மறைப்பானேன். சந்தோஷத்தில் என் கண் நிறைந்த அதே நேரத்தில் பேனா காகிதத்தில் கீறுகிற சத்தமும் கேட்டது.

வெளியே வந்ததும், காகிதங்களை அடுக்கிக்கொண்டிருந்த குமாஸ்தா அவளைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார். “பாப்பா பாக்க நல்லாத்தானே இருக்கு? இதுக்கு எதுக்கும்மா சலுகை?” என்றார். சலுகை என்ற வார்த்தையைச் சொல்லும்போது அவர் உதடு ஒரு பக்கமாகப் போனது. அந்த உதட்டை இன்னும் மறக்கவில்லை நான். பாக்க நல்லாத்தான் இருக்கு என்பது ஊரில் எல்லோரும் எனக்கு இலவசமாகக் கொடுக்கிற ஆறுதல். எங்க மாமா பையன் அஞ்சு வயசுலதான் பேசினான், இப்ப வக்கீலா இருக்கான் என்பது அடுத்தது. இப்படிப்பட்ட மாமா பையன்கள் ஊருக்கு ஒருவர் இருக்கிறார்கள். அவர்கள் எல்லோரும் வக்கீல்களாகிவிட்டால் குற்றவாளிகளுக்கு எங்கே போவது என்று தெரியவில்லை.

என் வீட்டுக்காரர் அவளை ஜட்ஜம்மா என்று கூப்பிடுவார். யாரையும் கண் கொட்டாமல் நெடுநேரம் பார்ப்பாள், ஒன்றும் சொல்லமாட்டாள், அதனால் அந்தப் பெயர். பைக்கில் எனக்கும் அவருக்கும் நடுவில் அவள் தூங்கிக்கொண்டு வந்தாள். சிக்னலில் நின்றபோது அவர் தலையைத் திருப்பி, “பாத்தியா நம்ம ஜட்ஜம்மாவை? டாக்டரே அசந்துட்டாரு” என்றார்.

“அசந்துதான் போயிருப்பாரு. அவ்வளவு நல்லா இருக்கிற புள்ளைக்கு அட்டை எதுக்குன்னு இப்ப எழுதிட்டு இருப்பாரு.”

“அதெல்லாம் குடுப்பாங்க. நல்லா வர்ற புள்ளைன்னு தெரிஞ்சா குடுக்காம போவாங்களா?”

அவருக்கு உண்மையிலேயே புரியவில்லை. நல்ல சாமானுக்குத்தான் நல்ல விலை கிடைக்கும் என்பது அவருடைய உலகம். குறையைக் காட்டினால்தான் ஏறெடுத்துப் பார்ப்போம் என்கிற இடத்துக்கு அவர் அதுவரை போனதே இல்லை. பச்சை விழுந்தது. பின்னால் நின்றவன் ஹாரன் அடித்தான். அவனைத் திரும்பி ஒரு முறை முறைத்தேன். வேறு யாரை முறைக்க முடியும்?

அந்த மாற்றுத்திறனாளி அட்டை எதற்கு என்று சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் ஏதோ இனாம் வாங்க அலைகிறவள் என்று நீங்களும் நினைப்பீர்கள். என் மகள் போகிற பயிற்சி மையத்தில் அட்டை உள்ள குழந்தைக்குத்தான் இடம். அட்டை இருந்தால் செலவை அரசாங்கம் ஏற்கும். இல்லாதவர்கள் கட்டுகிற கட்டணத்தை எங்கள் இரண்டு சம்பளத்திலும் நினைத்துப் பார்க்க முடியாது. விண்ணப்பம் போட்டிருக்கிறோம் என்று சொன்னதன் பேரில் அவளைத் தற்காலிகமாகச் சேர்த்துக்கொண்டார்கள். அங்கே போன பிறகுதான் அவள் காலை ஊன்றினாள், சுவரைப் பிடித்தாள். அதற்கு முன்னால் மூன்று வயதுவரை இடுப்பிலேயே இருந்தாள்.

அங்கே ஒரு டீச்சர், சின்னப் பெண். குரல் மட்டும் பெரியது. பேச்சு வருவதற்கு முன்னால் ஜாடை வர வேண்டும் என்பார். உள்ளங்கையை விரித்து நெஞ்சில் தட்டினால் ‘எனக்கு வேணும்’ என்று அர்த்தம். ஒரு துண்டு பழத்தைக் கொஞ்சம் தூரத்தில் காட்டுவார். காத்திருப்பார். பிறகு அவள் வலது கையைப் பிடித்து அவள் நெஞ்சிலேயே தட்டவைத்து, உடனே பழத்தைக் கொடுப்பார். இடது கை சோம்பேறி, கிளம்பவே கிளம்பாது. வீட்டிலும் இதையே செய்யச் சொன்னார். எனக்கு அந்தக் காத்திருக்கிற பாகம் வரவே வராது. அவள் முகம் வாடுவதற்கு முன்பே ஊட்டிவிடுவேன். “நீங்க அவளுக்கு முந்தி ஓடுறீங்க. பசிக்கவே விடலைன்னா அவ எதுக்குக் கேக்கணும்?” என்று டீச்சர் திட்டுவார். நான் தலையாட்டுவேன், வீட்டுக்கு வந்ததும் பழையபடிதான். பெற்றவளுக்குக் கல் நெஞ்சு வேண்டும் என்று எந்தப் பாடத்தில் இருந்தாலும் அது எனக்கு ஏறாது.

மறுப்புக் கடிதம் வந்தது. குழந்தை தன் அன்றாடச் செயல்களைப் பெருமளவு தானே செய்துகொள்வதால் உதவிக்குத் தகுதி பெறவில்லை என்று எழுதியிருந்தார்கள். விருப்பமிருந்தால் ஒரு முறை மறுபரிசோதனைக்கு வரலாம், அதுதான் கடைசி. விருப்பமிருந்தால்! சினிமாவுக்குக் கூப்பிடுகிற மாதிரி. மையத்தில் கொண்டுபோய்க் காட்டினேன். அலுவலக அறையில் இருந்த அம்மா கடிதத்தை இரண்டு முறை படித்துவிட்டு, மறுபரிசோதனை முடிவு வரும்வரை இடத்தை வைத்திருக்கிறோம், அதற்கு மேல் எங்களால் முடியாது, காத்திருக்கிற குழந்தைகள் நிறைய என்றார். அவர் மேல் கோபப்படவும் வழியில்லை. காத்திருந்த நாளில் நானும் யாராவது ஒரு குழந்தை நின்றுவிடாதா என்று நினைத்தவள்தான்.

நான் சூப்பர் மார்க்கெட்டில் பில் போடுகிறேன். அன்று என் கவுன்ட்டரில் எல்லாமே இரண்டு தடவை பதிவாகிக்கொண்டிருந்தது. ஒரு பெரியவர், “ஒரு சோப்புக்கு ரெண்டு சோப்பு காசாம்மா?” என்று சத்தம் போட்டார். மேற்பார்வையாளர் வந்து என்னை எழுப்பிவிட்டு இன்னொரு பெண்ணை உட்காரவைத்தார். பால், தயிர் அடுக்குகிற குளிர் அறைக்குப் போய் நின்றேன். அங்கே வேலை பார்க்கிற ஓர் அக்காவின் பையனுக்கும் என் மகளைப் போலத்தான், வயதில் பெரியவன். அவனுக்கு எப்போதோ அட்டை வந்துவிட்டது. கடிதத்தை அக்காவிடம் கொடுத்தேன். படித்துவிட்டு அக்கா முதலில் கேட்ட கேள்வி, “காலைல சாப்பாடு குடுத்தா கூட்டிட்டுப் போனே?” என்பதுதான்.

“குடுக்காம?”

“அடிப் பைத்தியமே! நல்லாத் தூங்கவச்சு, வயித்தை ரொப்பி, மினுக்கிக் கூட்டிட்டுப் போனா அங்க என்ன பரிசா தருவாங்க? முந்தின நாள் தூங்கவிடாதே. காலைல ஒண்ணும் குடுக்காதே. பழைய துணியைப் போடு. புள்ள துவண்டு கெடக்கணும். பாத்தவுடனே அவங்களுக்கே ஐயோன்னு இருக்கணும். என் பையன் அன்னைக்கு அந்த மேஜையில வாந்தி எடுத்தான், கையோட எழுதிக் குடுத்துட்டாங்க.”

“பட்டினி போடச் சொல்றீங்களாக்கா?”

“அழுத புள்ளைக்குத்தாண்டி பால்.”

“என் புள்ளைக்குப் பசிச்சா அழக்கூடத் தெரியாதேக்கா.”

அக்கா பால் பாக்கெட்டை அடுக்குவதை நிறுத்தவில்லை. “அதை அவங்ககிட்ட சொல்லு. என்கிட்ட சொல்லி என்ன?” என்றாள். எனக்கு அவள் மேல் பொத்துக்கொண்டு வந்தது கோபம். குளிர் அறையின் கதவை அறைந்து சாத்திவிட்டு வந்தேன். ஆனால் என் கோபம் எப்போதுமே இப்படித்தான், கதவோடு முடிந்துவிடும். பஸ்ஸில் வீடு போய்ச் சேர்வதற்குள், எந்தப் பழைய துணியைப் போடலாம் என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

துணி சுலபம். அவரைத் தயார்செய்வதுதான் கஷ்டம். அவரை விட்டுவிட்டுப் போகலாம் என்றால் பெற்றோர் இருவரும் வர வேண்டும் என்று கடிதத்திலேயே இருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் அவரை நாற்காலியில் உட்காரவைத்து, எதிரில் நான் டாக்டராக உட்கார்ந்தேன். மகள் பாயில் உட்கார்ந்து என்னுடைய பழைய செல்போன் உறையைச் சப்பிக்கொண்டிருந்தாள்.

“நடக்குமா?”

“புடிச்சுக்கிட்டு நல்லாவே நடப்பா.”

“நல்லாவேன்னு உங்களை யாரு கேட்டா? சுவர் இல்லாம நடப்பாளா?”

“அது இப்பத்தானே...”

“நடப்பாளா, மாட்டாளா?”

“மாட்டா.”

“அப்ப நடக்காது. சொல்லுங்க.”

“நடக்காது” என்றார் தரையைப் பார்த்து.

“பேசுமா?”

அவர் பாயைத் திரும்பிப் பார்த்தார். அவள் உறையை வாயிலிருந்து எடுத்துவிட்டு அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். “அவளை உள்ளே தூக்கிட்டுப் போய் விட்டுட்டு வா. அவ முன்னாடி எப்படிச் சொல்றது?” என்றார்.

“அங்க அவ முன்னாடிதான் சொல்லணும். உங்க மடியிலதான் உக்காந்திருப்பா.”

“அவளுக்குப் புரியும்.”

“புரியும்னு சொல்லித்தானே அட்டையைத் தொலைச்சீங்க!”

சொல்லியிருக்கக் கூடாதுதான். எழுந்து வெளியே போனார். கொஞ்ச நேரம் கழித்து எட்டிப் பார்த்தேன். காலையில் கழுவின பைக்கை மறுபடியும் கழுவிக்கொண்டிருந்தார். சக்கரத்தின் கம்பிகளை ஒவ்வொன்றாகத் துடைத்துவிட்டு உள்ளே வந்து, ஈரக் கையோடு கதவருகில் நின்றார். “சாமானைத் தாழ்த்திச் சொல்லி எனக்குப் பழக்கமில்ல. குறை சொல்றது வாங்க வர்றவன் வேலை. வச்சிருக்கிறவனே சொல்லுவானா?” என்றார்.

“அவங்க வாங்க வரலைங்க. நாமதான் கேட்டுப் போறோம்.”

நாற்காலியில் வந்து உட்கார்ந்தார். பேசாது, சாப்பிடத் தெரியாது, பாத்ரூம் போகத் தெரியாது என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். வாத்தியாரிடம் அடி வாங்கின பையன் ஒப்பிக்கிற மாதிரி இருந்தது. எல்லாமே உண்மைதான். ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. ஆனாலும் நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து ஏதோ திருட்டுக்குத் திட்டம் போடுகிற மாதிரி குரலைத் தாழ்த்திக்கொண்டோம்.

மறுபரிசோதனை அன்று காலை அவளுக்கு ஒன்றும் கொடுக்கவில்லை. தூக்கத்தைக் கெடுக்க மட்டும் எனக்கு மனசு வரவில்லை. பாலில் ஊறவைத்த ரொட்டியைச் சின்ன டப்பாவில் போட்டு, ஸ்பூனோடு பையில் வைத்தேன். வேலை முடிந்து வெளியே வந்த அந்த நிமிடமே ஊட்டிவிட வேண்டும் என்று. தலை வாரவில்லை. பழைய கவுன், தோளில் தையல் விட்டது. நான் ஊட்டுகிற நேரத்துக்கு அவள் சமையலறைச் சுவரைப் பிடித்துக்கொண்டு வந்து, வழக்கமாக உட்காருகிற இடத்தில் உட்கார்ந்தாள். வாயைத் திறந்து வைத்துக்கொண்டு அண்ணாந்து பார்த்தாள். தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு கதவைப் பூட்டினேன். நாங்களும் காலையில் சாப்பிடவில்லை. அதைப் பற்றி இருவரும் பேசிக்கொள்ளவில்லை.

அந்தக் கூடம் நிறைய ஜனம். இரும்புச் சட்டத்தில் வரிசையாகப் பொருத்தின பிளாஸ்டிக் நாற்காலிகள். ஒருவர் எழுந்தால் வரிசையே ஆடியது. போன தடவை என் கண்ணில் படாதது இந்தத் தடவை பட்டது. ஒரு குழந்தைகூட நல்ல உடுப்பில் இல்லை. எதிரில் உட்கார்ந்திருந்த பெண்ணின் சேலை கஞ்சி போட்டு மடிப்புக் கலையாமல் இருந்தது. அவள் மகனின் சட்டையில் மட்டும் பட்டன்கள் இல்லை. நூல் மட்டும் துருத்திக்கொண்டிருந்தது. அறுத்திருக்கிறாள், புதிதாக. அவள் என் மகளின் தோள் தையலைப் பார்த்தாள். நாங்கள் இருவரும் சட்டென்று வேறு பக்கம் பார்த்துக்கொண்டோம். இத்தனை தாய்மார்களும் காலையில் எழுந்து, உலகத்தில் எந்தத் தாயும் செய்யாத அலங்காரத்தைப் பிள்ளைக்குச் செய்து கூட்டிவந்திருக்கிறோம். எங்களை இப்படிச் செய்யவைத்தவர்கள் உள்ளே மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருக்கிறார்கள். டீ போய்க்கொண்டே இருந்தது. தட்டு உள்ளே போகும்போதெல்லாம் பிஸ்கட் வாசனை வந்தது.

கூப்பிடுவதாகச் சொன்ன நேரம் எப்போதோ போய்விட்டது. இரண்டு தடவை எழுந்து போய்க் கேட்டேன். “வரிசைப்படிதான் வரும், உக்காருங்கம்மா” என்றார் அதே குமாஸ்தா. மகள் என் வீட்டுக்காரர் மடியில் இருந்தாள். பசி ஏற ஏற அழவில்லை. விரலைச் சப்பினாள், பிறகு அதையும் விட்டுவிட்டு, துணிப் பொம்மை மாதிரி அவர் நெஞ்சில் சாய்ந்து கிடந்தாள். அக்கா சொன்ன மாதிரியே துவண்டுவிட்டாள். இப்போது கூப்பிட்டால் சரியாக இருக்கும் என்று நினைத்தேன். நினைத்த வாயை நானே அறைய வேண்டும்போல் இருந்தது.

கைக்குட்டை எடுக்கப் பையைத் திறந்தேன். உள்ளே டப்பா தெரிந்திருக்கிறது. அவள் தலையைத் தூக்கினாள். பையைப் பார்த்தாள். பிறகு அவரை, அவள் அப்பாவை, அந்த ஜட்ஜுப் பார்வை பார்த்தாள். வலது கையைத் தூக்கினாள். விரல்கள் ஒவ்வொன்றாக விரிந்தன. யாரும் பிடிக்காமல், யாரும் சொல்லாமல், அந்தக் கையைத் தன் நெஞ்சில் வைத்துத் தட்டினாள்.

மறுபடியும் தட்டினாள்.

“கேக்கறா!” என்றார் அவர். “ஏய், கேக்கறா பாரு! எங்கிட்ட கேக்கறா!” அந்தக் கூடத்தில் எல்லோரும் திரும்பினார்கள். அவர் முகம் கோணிக்கொண்டு போனது, கண்ணில் தண்ணீர் கொட்டியது. என்னென்னமோ விற்ற மனிதர், இப்படி ஒரு முகத்தை நான் அவரிடம் பார்த்ததே இல்லை. “இந்தாடா, இந்தாடா கண்ணு” என்று பையில் கையை விட்டு டப்பாவை எடுத்தார்.

நான் அந்த டப்பாவை அவர் கையிலிருந்து பிடுங்கினேன்.

“உள்ள போயிட்டு வந்து குடுக்கலாம்.”

“அவ கேட்டா!” என்றார். புரியாமல் என்னைப் பார்த்தார். “முதல் தடவையா கேட்டிருக்கா. கேட்டவுடனே குடுக்கணும்னு டீச்சர் சொல்லலையா? குடுக்கலைன்னா கேட்டு பிரயோஜனம் இல்லைன்னு கத்துக்கும்னு சொல்லலையா?”

“சொன்னாங்க. எனக்கும் காது இருக்கு.”

“ஒரு வாய். ஒரே ஒரு வாய் குடு.”

ஒரு வாய் உள்ளே போனால் அவள் நிமிர்ந்து உட்காருவாள். இன்னொரு வாய்க்கு இன்னொரு தடவை தட்டுவாள். உள்ளே போயும் தட்டுவாள். ‘கேட்கிறது’ என்று ஒரு டிக் விழும். அந்த டிக் விழுந்தால் இதைச் சொல்லிக் கொடுத்த டீச்சரிடம் இவள் நாளை போக முடியாது. இதையெல்லாம் அத்தனை பேர் பார்க்க நான் அவருக்கு எப்படி விளக்குவேன்? டப்பாவைப் பையின் அடியில் திணித்து, பையை நாற்காலிக்குக் கீழே தள்ளினேன். எதிரில் இருந்த பெண் தன் மகனின் சட்டையை இழுத்து இழுத்து மூடிக்கொண்டிருந்தாள். என் மகள் பை இருந்த இடத்தைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். தட்டினாள். அப்போதுதான் எங்களைக் கூப்பிட்டார்கள்.

இந்தத் தடவை ஒரு பெண் டாக்டர். வயதானவர், களைத்த முகம். “உக்காருங்கம்மா, ரொம்ப நேரமாச்சா? ஆள் பத்தலை, மன்னிச்சுக்கோங்க” என்றார். திட்டுவதற்காக நான் தொண்டை வரைக்கும் கொண்டுவந்திருந்த அத்தனையும் அங்கேயே நின்றுவிட்டது. நல்லவர்களாக வேறு இருந்து தொலைக்கிறார்கள். மகளை என் வீட்டுக்காரர் மடியிலிருந்து வாங்கி என் மடியில் வைத்துக்கொண்டேன். இடது கையால் அவள் வயிற்றோடு சேர்த்து அணைத்து, வலது கையால் அவளுடைய வலது கையை என் உள்ளங்கைக்குள் மூடிக்கொண்டேன். மேஜைக்குக் கீழே இருந்ததால் அது வெளியே தெரியாது.

“நடக்குமா?”

“நடக்காதுங்க” என்றார் என் வீட்டுக்காரர்.

“பேசுமா?”

“பேசாதுங்க.”

“தானா சாப்பிடுமா?”

“இல்லைங்க. எதுவும் தெரியாதுங்க.”

நான் சொல்லிக் கொடுத்ததைவிட நன்றாகவே சொன்னார். குரல் ஒரே சீராக இருந்தது. சுவரில் இருந்த எதையோ பார்த்துச் சொன்னார், மடியின் பக்கம் திரும்பவே இல்லை. டாக்டர் ஒவ்வொன்றையும் குறித்துக்கொண்டார். என் கைக்குள் அவள் கை நெளிந்தது. விரல்களை விரிக்கப் பார்த்தது. அவ்வளவு பலம் அந்தக் கைக்கு எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. பயிற்சியில் வந்ததுதான், வேறெங்கிருந்து வரும்? நான் இறுக்கினேன். அவள் கழுத்தைத் திருப்பி அண்ணாந்து என் முகத்தைப் பார்த்தாள்.

“பசி, தாகம், வலி... ஏதாவது வேணும்னா கேக்கத் தெரியுமா? வாயால இல்லைன்னாலும், ஜாடையா?”

டாக்டர் பேனாவைக் கட்டத்தின் மேல் வைத்துக்கொண்டு காத்திருந்தார். என் வீட்டுக்காரர் என் பக்கம் திரும்பினார். என் முகத்தைப் பார்த்தார், பிறகு மேஜைக்குக் கீழே போகிற என் கையைப் பார்த்தார். அது என்ன செய்கிறது என்று அவருக்கு அப்போதுதான் புரிந்தது.

“தெரியாதுங்க.”

டாக்டர் தலையைக் குனிந்து எழுத ஆரம்பித்தார். டிக் இல்லை, ஏதோ ஒரு வரியே எழுதினார். பேனா மை விடாமல் மக்கர் செய்தது; உதறிவிட்டு, ஓரத்தில் கிறுக்கிப் பார்த்துவிட்டு, மறுபடியும் முதலிலிருந்து எழுதினார். என் கைக்குள் நெளிந்துகொண்டிருந்த கை சட்டென்று அடங்கியது. விட்டுவிட்டாள் என்று நினைத்தேன். அவளுடைய இடது கை, டீச்சர் எவ்வளவோ முயன்றும் அசைக்க முடியாத அந்தச் சோம்பேறிக் கை, என் முழங்கைக்கு மேலே மெதுவாகக் கிளம்பியது. காற்றில் ஒரு முறை ஆடி நின்றது. விரல்கள் விரிந்தன. டாக்டர் அந்த வரியை முடித்துப் புள்ளி வைத்துவிட்டு, பேனாவை மூடிக்கொண்டிருந்தார். அந்தச் சின்னக் கை நெஞ்சில் பட்டது, ஒரு தடவை, இன்னொரு தடவை.